எதிராளிக்கும் உரிய உரிமை: ‘இன்ஹெரிட் தி விண்ட்’ நாடகத்தில் சிந்தனைச் சுதந்திரம்

1925 ஜூலையில், அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்திலுள்ள டேடன் என்ற சிற்றூரில், ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர்மீது ஒரு வழக்கு நடந்தது. மனிதன் கீழ்நிலை உயிரினங்களிலிருந்து தோன்றியவன் என்று மாணவர்களுக்குக் கற்பித்தார் என்பது குற்றச்சாட்டு. முப்பது ஆண்டுகள் கழித்து, 1955 ஏப்ரல் 21 அன்று, அந்த வழக்கை மூலமாகக் கொண்ட நாடகம் ஒன்று நியூயார்க்கின் பிராட்வேயில் திரை விலக்கியது. ஜெரோம் லாரன்ஸ், ராபர்ட் ஈ. லீ இருவரும் சேர்ந்து எழுதிய ‘இன்ஹெரிட் தி விண்ட்’ அங்கே 806 முறை நடிக்கப்பட்டது. 1960இல் ஸ்டான்லி கிராமர் அதைத் திரைப்படமாக்கினார். 1965, 1988, 1999 ஆகிய ஆண்டுகளில் தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. டேடன் வழக்கைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி இந்த நாடகத்தின் வழியே வந்ததுதான்.

அறிவியலுக்கும் மதத்துக்கும் நடந்த சண்டையின் கதை என்று இதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். காட்சி காட்சியாகப் படித்தால் அந்த விளக்கம் போதவில்லை. பரிணாமக் கொள்கை சரியா, தவறா என்ற வாதம் மேடையில் நடப்பதே இல்லை. அதை விளக்க வந்த அறிஞர்களை நீதிபதி சாட்சிக் கூண்டில் ஏறவே விடுவதில்லை. மேடையில் விசாரணைக்கு வருவது வேறொரு கேள்வி: ஒருவர் தாமே யோசித்துத் தமக்கென ஒரு முடிவுக்கு வரலாமா, அந்த முடிவு தவறாகவே இருந்தாலும்? அந்த உரிமை தன்னை எதிர்ப்பவருக்கும் உண்டென்று ஒப்புக்கொள்பவரே உண்மையான சுதந்திர சிந்தனையாளர் என்பது நாடகத்தின் உள்ளுறை. தன் முதன்மைப் பாத்திரங்களைப் படைத்த விதத்தில் நாடகம் இந்த அளவுகோலுக்கு உண்மையாக நிற்கிறது. ஊர் மக்களைப் படைத்த விதத்தில் அதிலிருந்து வழுவுகிறது. இரண்டையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டேடனில் நடந்தது என்ன?

1925 மார்ச்சில் டென்னஸி மாநிலம் பட்லர் சட்டத்தை நிறைவேற்றியது. ஜான் வாஷிங்டன் பட்லர் என்ற விவசாயி, சட்டமன்ற உறுப்பினராக இருந்து கொண்டுவந்த சட்டம் அது. பைபிள் சொல்லும் மனிதப் படைப்பை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்குகளின் வழிவந்தவன் என்று அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் கற்பித்தால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம் என்றது. இந்தச் சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க முன்வரும் ஆசிரியருக்கு உதவுவதாக அமெரிக்கக் குடிசார் உரிமைகள் ஒன்றியம் பத்திரிகைகளில் அறிவித்தது.

அந்த அறிவிப்பைப் படித்த டேடன் பிரமுகர்கள் மே 5 அன்று ராபின்சனின் மருந்துக் கடையில் கூடினார்கள். வழக்கு தங்கள் ஊரில் நடந்தால் ஊருக்குப் பேர் வரும், வியாபாரம் பெருகும் என்பது அவர்கள் கணக்கு. ஸ்கோப்ஸை ஆள் அனுப்பி வரவழைத்துச் சம்மதமா என்று கேட்டார்கள். அவர் சரி என்றார். கால்பந்துப் பயிற்சியாளரான அவர், உயிரியல் ஆசிரியர் வராத நாட்களில் அவருக்குப் பதிலாக வகுப்பெடுத்தவர். பரிணாமப் பாடத்தைத் தாம் நடத்தினாரா என்பதே உறுதியில்லை என்று பிற்காலத்தில் எழுதினார். அவர் கையாண்ட பாடநூல் ஜார்ஜ் வில்லியம் ஹன்டர் எழுதியது. மாநில அரசே அங்கீகரித்தது. அதே மருந்துக் கடையில் விற்பனைக்கும் இருந்தது. அரசு ஒரு கையால் கொடுத்த புத்தகத்தை நடத்தியதற்காக மறு கையால் அரசே தண்டிக்கிற நிலை.

அரசுத் தரப்புக்கு உதவ வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் வந்தார். 1896, 1900, 1908 ஆகிய மூன்று தேர்தல்களில் ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர். உட்ரோ வில்சன் ஆட்சியில் வெளியுறவு அமைச்சர். விவசாயிகளின், ஏழைகளின் குரல் என்று பேரெடுத்தவர். எதிர்த்தரப்பில் கிளாரன்ஸ் டாரோ நின்றார். தொழிலாளர் வழக்குகளாலும், அதற்கு முந்தைய ஆண்டு லியோபோல்ட், லோப் என்ற இரண்டு இளைஞர்களைத் தூக்குத் தண்டனையிலிருந்து காப்பாற்றியதாலும் நாடறிந்தவர். கடவுள் இருப்பதை ஏற்காதவர். ‘பால்டிமோர் ஈவினிங் சன்’ நாளேட்டுக்காக எச்.எல். மென்கன் வந்தார். சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். வானொலி விசாரணையை நேரடியாக ஒலிபரப்பியது.

ஜூலை 10 அன்று விசாரணை தொடங்கியது. ஜூலை 20 அன்று நீதிபதி ஜான் ரால்ஸ்டன் நீதிமன்றத்தைக் கட்டடத்துக்கு வெளியே புல்வெளிக்கு மாற்றினார். அங்கேதான் அரசுத் தரப்பு வழக்கறிஞரான பிரையனையே பைபிள் அறிந்த சாட்சியாக நிறுத்தி டாரோ கேள்வி கேட்டார். மறுநாள் அந்தச் சாட்சியம் முழுவதையும் நீதிபதி பதிவிலிருந்து நீக்கினார். மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக, தம் கட்சிக்காரரைக் குற்றவாளி என்றே அறிவிக்கும்படி டாரோவே ஜூரிகளைக் கேட்டுக்கொண்டார். இதனால் பிரையன் வாரக்கணக்கில் எழுதி வைத்திருந்த நிறைவுரையைப் பேசவே வாய்ப்பில்லாமல் போயிற்று. ஜூரிகள் எடுத்துக்கொண்ட நேரம் 9 நிமிடம். அபராதம் 100 டாலர். ஐந்து நாள் கழித்து, ஜூலை 26 அன்று, ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில் பிரையன் டேடனிலேயே இறந்தார். 1927இல் டென்னஸி உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரிகளே விதிக்க வேண்டும், நீதிபதி விதித்தது செல்லாது என்பது அதற்குச் சொன்ன காரணம். சட்டம் சரியா என்ற கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போகவே இல்லை.

முப்பது ஆண்டு இடைவெளி

நாடகாசிரியர்கள் இந்த வழக்கைக் கையிலெடுத்தது 1950களின் தொடக்கத்தில். செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் பேரால் அறியப்படும் வேட்டைக் காலம் அது. கம்யூனிஸ்ட் என்ற சந்தேகம் விழுந்தாலே ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலை இழந்தார்கள். நண்பர்களின் பெயரைச் சொல்லச் சொல்லி விசாரணைக் குழுக்கள் நெருக்கின. 1953இல் ஆர்தர் மில்லர் தம் ‘தி குரூசிபிள்’ நாடகத்தில் 1692ஆம் ஆண்டின் சூனிய வழக்குகளைக் கொண்டு இந்தக் காலத்தைப் பேசினார். லாரன்ஸும் லீயும் டேடனைக் கொண்டு பேசினார்கள். எழுதி முடித்ததும் உடனே மேடையேற்ற முடியவில்லை. 1955 ஜனவரியில் டல்லஸ் நகரில் மார்கோ ஜோன்ஸ் என்ற இயக்குநர் துணிந்து அரங்கேற்றிய பிறகே பிராட்வேயின் கதவு திறந்தது. 1960ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்குத் திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவரான நெட்ரிக் யங் அப்போதும் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் புனைபெயரில்தான் எழுத முடிந்தது.

இது வரலாறு இல்லை என்று ஆசிரியர்கள் முன்னுரையிலேயே தெளிவுபடுத்திவிட்டார்கள். ஊருக்கு ஹில்ஸ்பரோ என்று பெயரிட்டார்கள். பிரையன் மாத்யூ ஹாரிசன் பிரேடி ஆனார், டாரோ ஹென்றி ட்ரம்மண்ட் ஆனார், மென்கன் ஈ.கே. ஹார்ன்பெக் ஆனார், ஸ்கோப்ஸ் பெர்ட் கேட்ஸ் ஆனார். கதை நிகழும் ஆண்டை அவர்கள் குறிக்கவில்லை. நேற்று நடந்ததாகவும் இருக்கலாம், நாளை நடப்பதாகவும் இருக்கலாம் என்ற பொருளில் காலக்குறிப்பைத் திறந்தே விட்டார்கள். தலைப்பு பைபிளின் நீதிமொழிகள் நூலில் உள்ள வாசகத்திலிருந்து வந்தது. தன் வீட்டைத் தானே குலைப்பவனுக்குக் காற்றுதான் மிஞ்சும் என்பது அதன் கருத்து. நாடகத்தில் அந்த வாசகத்தைச் சொல்பவர் யார் என்பது முக்கியம். மதத்தின் பக்கம் நிற்கும் பிரேடிதான் சொல்கிறார்.

பிரேடி: வீழ்ச்சியடைந்த பெரிய மனிதர்

இரண்டாம் அங்கத்தில் ஊர்ப் பாதிரியார் ஜெரிமையா பிரவுன் ஜெபக் கூட்டம் நடத்துகிறார். கேட்ஸின்மேல் நரக நெருப்பு இறங்கட்டும் என்று மன்றாடுகிறார். கூட்டம் ஆமென் என்று குரல் கொடுக்கிறது. பாதிரியாரின் மகள் ரேச்சல் கேட்ஸைக் காதலிப்பவள். அவள் எழுந்து தடுக்கிறாள். உடனே, கேட்ஸுக்கு அருள் வேண்டுபவர்களுக்கும் அதே சாபம் என்று தந்தை மகளையே சபிக்கிறார். அப்போது பிரேடி குறுக்கிட்டுப் பாதிரியாரை நிறுத்துகிறார். அளவுக்கு மிஞ்சிய பக்தி, தான் காக்க நினைப்பதையே அழித்துவிடும் என்று எச்சரித்து, அந்த நீதிமொழியைச் சொல்கிறார். பிறகு கிறிஸ்துவின் மன்னிப்பைக் கூட்டத்துக்கு நினைவூட்டுகிறார்.

பிரேடியை வெறும் மூடராக எழுதியிருந்தால் இந்தக் காட்சிக்கு இடமே இருந்திருக்காது. இரக்கம் உள்ளவர், மக்கள் நேசித்த தலைவர், ஒரு காலத்தில் ட்ரம்மண்டின் நண்பர் என்றே அவரை ஆசிரியர்கள் காட்டுகிறார்கள். இருவரும் தனியே பேசும் காட்சியில், ஏன் என்னைவிட்டு இவ்வளவு தூரம் விலகிப் போனாய் என்று பிரேடி கேட்கிறார். நீ நின்ற இடத்திலேயே நின்றுவிட்டதால் விலகியது நீயாகவும் இருக்கலாம் என்ற கருத்துப்படப் பதில் வருகிறது. அந்தப் பதிலில் கோபமில்லை, வருத்தம்தான் இருக்கிறது.

ஆனால் அதே பிரேடி பிறகு ரேச்சலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார். தந்தையைப் போன்றவர் என்று நம்பி அவள் அவரிடம் தனியே மனம் திறந்து சொன்னவை அனைத்தும் நீதிமன்றத்தில் கேள்விகளாகத் திரும்பி வருகின்றன. ஆற்றில் மூழ்கி இறந்த ஸ்டெபின்ஸ் வீட்டுச் சிறுவன் ஞானஸ்நானம் பெறாததால் அவன் ஆன்மா கரையேறாது என்று பாதிரியார் சொன்னதைக் கேட்டுத்தான் கேட்ஸ் தேவாலயத்துக்குப் போவதை நிறுத்தினார். அந்தத் துயரத்தை பிரேடி நாத்திகத்தின் அத்தாட்சியாக மாற்றிவிடுகிறார். ரேச்சல் உடைந்துபோகிறாள். அவளைக் குறுக்கு விசாரணை செய்ய ட்ரம்மண்ட் எழும்போது, அவளைத் துன்புறுத்த வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று கேட்ஸ் தடுக்கிறார். தன் வழக்கே பலவீனப்படும் என்று தெரிந்தும் அவளுக்காக அதை விட்டுக்கொடுக்கிறார். நாடகம் முழுவதிலும் கேட்ஸின் உயரம் தெரியும் இடம் இதுதான்.

பிரேடியின் குறை அவருடைய நம்பிக்கையில் இல்லை. கூட்டத்தின் கைதட்டல் இல்லாமல் அவரால் வாழ முடியாமற்போனதே குறை. தீர்ப்புக்குப் பிறகு எழுதிவைத்த உரையைப் படிக்கத் தொடங்குகிறார், யாரும் கேட்கவில்லை, வானொலிக்காரர் ஒலிபரப்பை நிறுத்திவிடுகிறார். அங்கேயே சரிந்து விழுகிறார். நினைவு தப்பிய நிலையில் அவர் வாயிலிருந்து வருவது, ஒருநாளும் அவருக்கு வாய்க்காத குடியரசுத் தலைவர் பதவியேற்பு உரை. மூன்று முறை தோற்ற மனிதர் மனத்துக்குள் இத்தனை ஆண்டுகள் சுமந்த உரை அது. எதிர்த்தரப்புப் பாத்திரத்தின் முடிவில் இத்தனை பரிவைக் கொட்டியது இந்த நாடகத்தின் பெரிய பலம்.

குறுக்கு விசாரணை: நெருக்கமாக ஒரு பார்வை

நாடகத்தின் உச்சம் ட்ரம்மண்ட் பிரேடியை விசாரிக்கும் காட்சி. அறிவியலாளர்கள் யாரும் பேசக்கூடாது என்று நீதிபதி தடுத்துவிட்டதால் ட்ரம்மண்டிடம் சாட்சியே இல்லை. மிச்சமிருப்பது பைபிள் ஒன்றுதான். அதில் வல்லுநர் என்று சொல்லிக்கொள்பவர் பிரேடி. யோனாவை விழுங்கிய மீன், யோசுவாவுக்காக நின்ற சூரியன், காயீனின் மனைவி எங்கிருந்து வந்தாள் என்பது எனக் கேள்விகள் வரிசையாக வருகின்றன. எதற்கும் பிரேடி அசையவில்லை; எழுதியிருப்பதை அப்படியே ஏற்கிறேன் என்கிறார். பிறகு உலகம் படைக்கப்பட்ட நாள் பற்றிய பேச்சு வருகிறது. பிஷப் அஷரின் கணக்குப்படி கி.மு. 4004, அக்டோபர் 23, காலை 9 மணி என்று பிரேடி சொல்ல, அது எந்தப் பகுதியின் நேரம் என்று ட்ரம்மண்ட் கேட்கிறார். சபை சிரிக்கிறது.

அந்தச் சிரிப்பைவிட அடுத்த கேள்வி ஆழமானது. நான்காம் நாளில்தான் சூரியன் படைக்கப்பட்டது என்றால், அதற்கு முன்னிருந்த முதல் நாளின் நீளத்தை யார் அளந்தார்கள்? அது 25 மணி நேரமாக இருந்திருக்கலாமா? இருக்கலாம் என்று பிரேடி ஒப்புக்கொண்ட அந்த நொடியில் வழக்கின் போக்கே மாறுகிறது. 25 மணி நேரம் என்றால் ஒரு மாதமாகவும் ஓர் ஆண்டாகவும் ஒரு கோடி ஆண்டாகவும் இருக்கலாம். பிரேடி பைபிளை நம்பியதோடு நிற்கவில்லை, அதற்குப் பொருளும் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது வெளிப்பட்டுவிட்டது. பொருள் சொல்வது யோசிப்பவர் செய்யும் வேலை. அந்த உரிமை பிரேடிக்கு உண்டென்றால் கேட்ஸுக்கு ஏன் இல்லை?

நெருக்கப்பட்ட பிரேடி, கடவுள் தன்னோடு பேசுகிறார் என்று சொல்லும் எல்லைக்குப் போகிறார். ட்ரம்மண்ட் அதைப் பிடித்துக்கொள்கிறார். கடவுளின் விருப்பத்தை இனி ஒருவர் மட்டும் வாங்கி ஊருக்கு வழங்குவாரா என்ற கேள்விதான் இந்த வழக்கின் மையம். பிரேடியின் பக்கம் நின்ற கூட்டமே சிரிக்கிறது. எல்லோரும் கலைந்த பின் அவர் தம் மனைவியை ‘அம்மா’ என்று அழைத்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள் என்று அழுகிறார். வெற்றி பெற்றவரின் கொண்டாட்டத்தைக் காட்டாமல் தோற்றவரின் அழுகையோடு அந்த அங்கத்தை முடித்திருக்கிறார்கள் ஆசிரியர்கள்.

ட்ரம்மண்டும் ஹார்ன்பெக்கும்: ஒரே பக்கம், இரு வேறு மனம்

தீர்ப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில் ட்ரம்மண்ட் கேட்ஸிடம் தன் சிறுவயதுக் கதை ஒன்றைச் சொல்கிறார். ஒஹாயோ மாநிலத்தின் ஒரு கடை ஜன்னலில் பளபளவென்று நின்ற ஆடுகுதிரை. அதன் பெயர் ‘கோல்டன் டான்சர்’. தங்க நிறம், சிவப்புப் பிடரி, நீலக் கண். ஏழு வயதுப் பையன் அதற்காக ஏங்கினான். பெற்றோர் பாடுபட்டு, பிறந்தநாள் காலையில் கட்டிலருகே அதை நிறுத்தினார்கள். ஏறி உட்கார்ந்து ஆட்டியதும் அது இரண்டாகப் பிளந்தது. உள்ளே இருந்தது உளுத்துப்போன மரம். மேலே வெறும் சாயம். சாயத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எப்போதும் பார், பொய் என்றால் அதைப் பொய் என்று சொல் என்பது அவர் அன்று கற்ற பாடம். அவருடைய நாத்திகமும் வழக்காடும் முறையும் இந்த ஒரு பாடத்திலிருந்து கிளைத்தவை.

முன்னேற்றம் இனாமாக வருவதில்லை, அதற்கு விலை கொடுத்தாக வேண்டும் என்றும் அவர் நீதிமன்றத்தில் பேசுகிறார். தொலைபேசி வந்தால் தனிமை போகும். விமானம் வந்தால் பறவைகளின் அதிசயம் குறையும். டார்வின் நம்மை ஒரு குன்றின்மேல் ஏற்றி, வந்த வழியைக் காட்டுகிறார். அந்தக் காட்சிக்காகப் படைப்புக் கதை தரும் ஆறுதலைக் கைவிட வேண்டும் என்பது அவர் வாதம். மதம் மனிதருக்குத் தரும் ஆறுதல் உண்மையானது, அதை இழப்பது வலி என்று ஒப்புக்கொள்ளும் நாத்திகரை இலக்கியத்தில் அதிகம் காண முடியாது.

ஹார்ன்பெக் இதற்கு நேர்மாறானவர். கூர்மையான புத்தி, கவிதையாகவே வரும் பேச்சு, எதையும் எள்ளும் இயல்பு. பிரேடி இறந்த செய்தி வந்ததும், சாப்பிட்டே செத்தார் என்ற தோரணையில் எள்ளி நகையாடுகிறார். அப்போது ட்ரம்மண்ட் பொங்குகிறார். என் மதத்தையோ என் மதமின்மையையோ பழிக்க உனக்கு உரிமை இல்லாததுபோல் பிரேடியின் மதத்தைப் பழிக்கவும் உனக்கு உரிமை இல்லை. அந்த மனிதரிடம் ஒரு காலத்தில் பெருமை இருந்தது. அவர் கடவுளை வெகு உயரத்தில், வெகு தொலைவில் தேடிவிட்டார் என்ற கருத்தில் பேசுகிறார். ஹார்ன்பெக் அதிர்ச்சியோடு, நீ பிரேடியைவிட மதவாதி என்று சொல்லி வெளியேறுகிறார். சிந்திக்கும் சுதந்திரத்தைக் கேட்பவன் பிறருடைய நம்பிக்கையைக் கேலி செய்து பிழைப்பவனாகிவிட்டால், அவன் நிற்பது பாதிரியார் பிரவுன் நின்ற அதே இடத்தில்தான். பிரவுன் சாபத்தால் மனிதரைச் சிறிதாக்கினார்; ஹார்ன்பெக் ஏளனத்தால் சிறிதாக்குகிறார். இந்த இருவருக்கும் நடுவே ட்ரம்மண்டை நிறுத்தியதில்தான் நாடகத்தின் மனசாட்சி இருக்கிறது.

எல்லோரும் போன பிறகு ட்ரம்மண்ட் தனியே நிற்கிறார். ஒரு கையில் டார்வினின் நூல், மறு கையில் பைபிள். இரண்டையும் எடை பார்ப்பதுபோல் ஏந்திப் பார்க்கிறார். சிரித்துக்கொண்டே இரண்டையும் சேர்த்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொள்கிறார்.

ஹோவர்டும் ரேச்சலும்: உண்மையில் வென்றவர்கள்

கேட்ஸின் மாணவன் ஹோவர்ட் என்ற சிறுவன் சாட்சி சொல்ல வருகிறான். கேட்ஸ் கற்பித்ததை நீ நம்புகிறாயா என்று ட்ரம்மண்ட் கேட்கிறார். இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, யோசித்துப் பார்க்க வேண்டும் என்கிறான் சிறுவன். சபாஷ் என்கிறார் ட்ரம்மண்ட். நம்புகிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் வழக்குக்கு லாபமாக இருந்திருக்கலாம். அந்த லாபம் ட்ரம்மண்டுக்குத் தேவைப்படவில்லை. தாம் எதற்காக வழக்காடுகிறாரோ அது கண்ணெதிரே சிறுவனாக நின்று பேசிவிட்டது.

ரேச்சலின் மாற்றம் இதைவிட நீண்டது. தொடக்கத்தில் அவளுக்கு அச்சம் மட்டுமே இருக்கிறது: தந்தையிடம், ஊரிடம், காதலன் சொல்லும் கருத்துகளிடம். தவறு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடு என்று கேட்ஸைக் கெஞ்சுகிறாள். கடைசியில் டார்வினின் நூலைத் தானே படித்துவிட்டு நீதிமன்றத்துக்கு வருகிறாள். அதில் உள்ளது தனக்கு முழுதாகப் புரியவில்லை, புரிந்தவரையில் பிடிக்கவும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறாள். ஆனால் எண்ணங்கள் குழந்தைகளைப் போல வெளியே வந்தே தீர வேண்டும், சில நலமாகப் பிறக்கும், சில நோயோடு பிறக்கும் என்ற கருத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். தந்தையின் வீட்டைவிட்டுக் கேட்ஸோடு கிளம்புகிறாள். பரிணாமக் கொள்கையை ஏற்காமலேயே சிந்தனைச் சுதந்திரத்தின் பக்கம் வந்தவள் அவள். ஆகவே இந்த நாடகத்தின் மெய்யான வெற்றியாளர் ரேச்சல்தான் என்று துணிந்து சொல்லலாம். வரலாற்றில் இல்லாத, முழுக்கக் கற்பனையான பாத்திரத்திடம் ஆசிரியர்கள் தங்கள் மையக் கருத்தை ஒப்படைத்திருக்கிறார்கள்.

நாடகம் வழுவும் இடங்கள்

இத்தனை பெருந்தன்மை கொண்ட நாடகம் ஹில்ஸ்பரோ மக்களிடம் அதைக் காட்டவில்லை. நாடகத்தில் கேட்ஸ் சிறையில் அடைக்கப்படுகிறார்; ஊர் கொதிக்கிறது. வரலாற்றில் ஸ்கோப்ஸ் சிறை பார்க்கவில்லை. டேடன் மக்கள் டாரோவையும் மரியாதையோடு வரவேற்றார்கள். வழக்கைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்ததே அவர்கள்தான். பாதிரியார் பிரவுனும் கற்பனையே. ஒரு தனிமனிதனை வெறி பிடித்த கூட்டம் வேட்டையாடுகிறது என்ற சித்திரம் 1950களின் அமெரிக்காவுக்கு மெத்தப் பொருந்தும். 1925இன் டேடனுக்குப் பொருந்தாது.

பிரேடியைப் படைத்ததிலும் சில இடங்களில் தராசு சாய்கிறது. 100 டாலர் அபராதம் போதாது என்று நாடகத்தின் பிரேடி ஆத்திரப்படுகிறார். உண்மையான பிரையன், இந்தச் சட்டத்தில் தண்டனையே வேண்டாம் என்று முன்பே சொன்னவர். படைப்பின் நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்ற கருத்தை பிரையன் வெளிப்படையாகவே கொண்டிருந்தார். நாடகத்தில் அது அவரிடமிருந்து பிடுங்கப்படும் ஒப்புதலாகிறது. மென்கன் அந்தக் குறுக்கு விசாரணைக்கு முன்பே டேடனைவிட்டுப் போய்விட்டார். ஹார்ன்பெக்கோ கடைசிவரை இருக்கிறார்.

எல்லாவற்றையும்விடக் கனமான விடுபடல் ஒன்று உண்டு. ஹன்டரின் பாடநூலில் பரிணாமம் மட்டும் இல்லை. மனித இனங்களை ஐந்தாகப் பிரித்து வெள்ளையரை உச்சியில் வைக்கும் பகுதியும், ‘தகுதியற்றவர்கள்’ பிள்ளை பெறுவதைத் தடுக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டு வாதமும் அதில் இருந்தன. அந்தக் காலத்தில் அவை அறிவியல் என்றே கற்பிக்கப்பட்டன. வலியவனே வாழ்வான் என்ற கோட்பாடு ஏழைகளை நசுக்கவும் போருக்கு நியாயம் கற்பிக்கவும் பயன்படும் என்ற அச்சம் பிரையனை இந்த வழக்குக்கு இழுத்து வந்த காரணங்களுள் ஒன்று. அவர் கண்ட மருந்து தவறு. சட்டம் போட்டு வகுப்பறையின் வாயை அடைப்பது எந்த நோய்க்கும் மருந்தாகாது. ஆனால் அவர் கண்ட நோய் கற்பனை இல்லை. சாயத்துக்குப் பின்னால் பார் என்று கற்பித்த நாடகம், அந்தப் பாடநூலின் பின்னால் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிரேடியின் வாதம் வலுத்திருக்கும். அதை வெல்ல ட்ரம்மண்டும் இன்னும் ஆழமாகப் போக வேண்டியிருந்திருக்கும்.

வரலாற்றாசிரியர் எட்வர்ட் லார்சன் 1997இல் எழுதி, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற ‘சம்மர் ஃபார் தி காட்ஸ்’ என்ற நூல் இந்த இடைவெளிகளை விரிவாக ஆராய்ந்தது. நாடகம் வழக்கைப் பற்றிய மக்களின் நினைவையே மாற்றி எழுதிவிட்டது என்பதை அது நிறுவியது. அதற்காக நாடகத்தை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பழைய வழக்கொன்றை எடுத்துத் தம் காலத்தின் அச்சத்தை எதிர்த்துப் பேசிய எழுத்தாளர்களின் துணிவு அதில் இருக்கிறது. நாமோ அதைச் சான்றாவணமாகப் படிக்காமல் அறவிவாதமாகப் படிக்க வேண்டும்.

முடிவாக

சிந்தனைச் சுதந்திரம் பேசும் படைப்புகள் பல, தம் பக்கத்துக்குச் சுதந்திரத்தையும் எதிர்ப்பக்கத்துக்கு ஏளனத்தையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகின்றன. ‘இன்ஹெரிட் தி விண்ட்’ அதைத் தாண்டிப் போகிறது. பிரேடிக்குப் பெருமையும், ரேச்சலுக்கு ஏற்க மறுக்கும் உரிமையும், ஹோவர்டுக்கு இன்னும் தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் தந்து, ஹார்ன்பெக்கின் ஏளனத்தைக் கண்டித்ததால்தான் எழுபது ஆண்டுகளாகியும் அது மேடையில் நிற்கிறது. ஊரை வெறும் கூட்டமாக்கியதும் பாடநூலின் இருட்டுப் பக்கத்தை மறைத்ததும் அதன் குறைகள். அந்தக் குறைகளைக் காணும் அளவுகோலையும் நாடகமே நமக்குத் தருகிறது என்பது அதன் தகுதிக்குச் சான்று.

மாணவர்களுக்கு இந்த நாடகத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களும், தாமாகப் படிக்கும் வாசகர்களும் லார்சனின் நூலையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பிரேடியின் தரப்பை அவர் பேசியதைவிட வலுவாகப் பேச முடியுமா என்று ஒரு மாணவரைக் கேட்டுப் பாருங்கள். பிறகு அதற்குப் பதில் சொல்ல இன்னொருவரைக் கேளுங்கள். அந்த வகுப்பறையில் நடப்பதே நாடகம் கேட்ட சுதந்திரம். அது சட்டத்தில் வந்துசேர வெகுகாலம் பிடித்தது: டேடன் தீர்ப்புக்குப் பிறகு 42 ஆண்டுகள் நடைமுறையில் இருந்த பட்லர் சட்டத்தை டென்னஸி 1967இல்தான் நீக்கியது, ஆர்கன்சா மாநிலத்தின் இதே போன்ற சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968இல் தீர்ப்பளித்தது.